ஓ.எஸ். செமஸ்டர் தேர்வு: கொஸ்டின் பேங்க்கா, டெக்ஸ்ட் புக்கா, வீடியோவா, கணக்கா?

அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) சிஎஸ் 3451 என்ற எண்ணோடு வரும் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் தாளுக்குப் படிக்க உட்காரும் மாணவர் கையில் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும். சீனியர் கொடுத்த கொஸ்டின் பேங்க்கும் பழைய வினாத்தாள்களும் ஒன்று. சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே மூவரும் எழுதிய தடித்த டெக்ஸ்ட் புக் இரண்டாவது. யூடியூபிலும், ஐஐடிகளின் இலவசப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லிலும் கிடைக்கும் வீடியோ பாடங்கள் மூன்றாவது. நான்காவது, பலரும் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் வேலை: பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது, முடிந்தால் புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்ப்பது. நான்கையும் முழுதாகச் செய்ய ஸ்டடி ஹாலிடேஸ் போதவே போதாது. எதற்கு எவ்வளவு நேரம் என்று பங்கு பிரித்தே ஆக வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இருக்கும் நேரத்தில் பாதியைக் கணக்குக்குக் கொடுங்கள். மீதியில் பெரும்பங்கு டெக்ஸ்ட் புக்கின் நான்கைந்து அத்தியாயங்களுக்குப் போகட்டும். கொஸ்டின் பேங்க், எதைப் படிப்பது என்று தீர்மானிக்க மட்டும். வீடியோ, படித்தும் பிடிபடாத இடத்துக்கு மட்டும். இதற்கான காரணம் தாளின் அமைப்பிலேயே இருக்கிறது.

தாளின் கணக்கு

மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். பார்ட் ஏ-வில் டூ மார்க் கேள்விகள் 10. பார்ட் பி-யில் 13 மதிப்பெண் கேள்விகள் 5. பார்ட் சி-யில் 15 மதிப்பெண்ணுக்கு ஒரே கேள்வி. பார்ட் பி-யில் யூனிட்டுக்கு ஒரு கேள்வி. அதற்குள் (அ) அல்லது (ஆ) என்று சாய்ஸ் இருக்கும். அந்த சாய்ஸ் யூனிட்டுக்கு உள்ளேதான் என்பதைக் கவனியுங்கள். ஒரு யூனிட்டை முழுதாக விட்டால், இன்னொன்றை எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் 13 மதிப்பெண்ணும், பார்ட் ஏ-வில் அந்த யூனிட்டிலிருந்து வரும் இரண்டு கேள்விகளின் 4 மதிப்பெண்ணும் போகும். ஆக மொத்தம் 17. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்த அமைப்பு மாறலாம். அங்கே படிப்பவர்கள் தங்கள் கல்லூரியின் தாளைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்து யூனிட்டில் கணக்கு வரும் இடங்கள் மூன்று. இரண்டாவது யூனிட்டில் சிபியு ஷெட்யூலிங் (எந்தப் பிராசஸ், அதாவது ஓடும் புரோகிராம், எப்போது ஓடும் என்ற வரிசை), டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாமே நின்றுபோவது), செமஃபோர் (பொது வளத்தை முறையாகப் பகிர உதவும் கருவி). மூன்றாவதில் பேஜிங் (மெமரியைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரிப்பது), பேஜ் ரீப்ளேஸ்மென்ட் (இடமில்லாதபோது எந்தத் துண்டை வெளியேற்றுவது), காலி இடத்தைத் தேர்ந்தெடுக்கும் ஃபர்ஸ்ட் ஃபிட், பெஸ்ட் ஃபிட் வகையறா. நான்காவதில் டிஸ்க் ஷெட்யூலிங் (டிஸ்க்கின் ஹெட் எந்த வரிசையில் நகரும் என்பது). பார்ட் சி கேள்விக்கும் இந்த மூன்றுதான் வசதியான நிலம். தியரி விடையில் 13-க்கு 13 வாங்குவது அரிது. எவ்வளவு எழுதினாலும் திருத்துபவர் ஒன்றிரண்டு குறைப்பார். கணக்கு அப்படியில்லை. படிகள் தெரிய, விடை சரியாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க இடமே இல்லை. விடை தவறினாலும் படிகளுக்கு ஸ்டெப் மார்க் கிடைக்கும். கணக்குக்குப் பாதி நேரம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

கொஸ்டின் பேங்க்கை நம்பலாமா?

ஒரு பாடத்தில் எது திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்பதைக் கொஸ்டின் பேங்க்கை விட வேகமாக வேறெதுவும் காட்டாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கடைசி நான்கைந்து தாள்களைப் புரட்டினால், ஷெட்யூலிங், பேங்கர்ஸ் அல்காரிதம் (டெட்லாக்கைத் தவிர்க்கும் முறை), பேஜ் ரீப்ளேஸ்மென்ட், டிஸ்க் ஷெட்யூலிங், ஃபைல் அலொகேஷன் முறைகள், சிஸ்டம் கால்கள் என்று ஒரு பட்டியல் தானாகவே விழும். அந்த ஒரு மணி நேரம் வீண் போகாது.

ஆனால் ஜெராக்ஸ் கடையில் வாங்கும் கட்டுகளில் ஒரு பெரிய ஆபத்து உண்டு: எந்த ரெகுலேஷனுக்கு உரியது என்று பார்க்காமல் படிப்பது. 2013 ரெகுலேஷனில் இந்தப் பாடத்தின் எண் சிஎஸ் 6401, 2017-இல் சிஎஸ் 8493. 2013 ரெகுலேஷனின் தொடக்ககாலத் தாள்களில் பெரிய கேள்விகள் 16 மதிப்பெண். ஆகவே '16 மார்க்' என்று தலைப்பிட்ட கட்டு எதுவானாலும் பழையது. மதிப்பெண் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை, பாடமே மாறியிருக்கிறது. ஐந்தாவது யூனிட் 2013-இல் லினக்ஸ் கேஸ் ஸ்டடி. 2017-இல் அதோடு ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு சேர்ந்தன. 2021-இல் லினக்ஸ் கேஸ் ஸ்டடி போய், விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினிகள்) வந்துவிட்டன. பழைய கட்டை மட்டும் படித்தவருக்கு, அவற்றை இயக்கும் ஹைப்பர்வைசரின் வகைகள் பற்றிய கேள்வி வந்தால் ஒரு வரியும் எழுத வராது. அவர் மனப்பாடம் செய்த லினக்ஸ் பகுதி கேட்கப்படவும் போவதில்லை. கட்டைத் திறந்தவுடன் முதல் பக்கத்தில் இருக்கும் பாட எண்ணைப் பாருங்கள்.

இன்னொரு குறை, விடையோடு வரும் கட்டுகளில். கணக்குகளின் விடையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போனால், எண்ணில் ஒன்றை மாற்றிக் கேட்டாலும் கவிழ்ந்துவிடும். அச்சுப் பிழையும் நிறைய. கட்டில் உள்ள விடையைச் சரிபார்க்காமல் ஏற்காதீர்கள்.

டெக்ஸ்ட் புக்: முழுதாகவா, பகுதியாகவா?

சில்பர்ஷாட்ஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வுக்கு அப்படிப் படிக்கத் தேவையில்லை. 2018-இல் வந்த பத்தாம் பதிப்பு கையில் இருந்தால் 5 (ஷெட்யூலிங்), 6 (சின்க்ரனைசேஷன்), 8 (டெட்லாக்), 9, 10 (மெமரி, விர்ச்சுவல் மெமரி) ஆகிய அத்தியாயங்களை முழுதாகப் படியுங்கள். 18-ஆவது அத்தியாயத்தில் விர்ச்சுவல் மெஷின்களின் வரலாறு, வகைகள், ட்ராப் அண்ட் எமுலேட், பைனரி ட்ரான்ஸ்லேஷன் வரை போதும். கையில் ஒன்பதாம் பதிப்பு என்றால் எண்கள் மாறும்: சின்க்ரனைசேஷன் 5, ஷெட்யூலிங் 6, டெட்லாக் 7, மெமரி 8, 9, விர்ச்சுவல் மெஷின் 16. நண்பர் சொன்ன அத்தியாய எண்ணை வைத்து வேறு பதிப்பில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

பதிப்பு மாறினால் கணக்கும் மாறும் ஓர் இடம் உண்டு. டி.எல்.பி. (பேஜ் எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துவைக்கும் சிறிய வேகமான மெமரி) உள்ள பேஜிங்கில் எஃபெக்டிவ் ஆக்சஸ் டைம், அதாவது மெமரியை அணுகும் சராசரி நேரம், கண்டுபிடிப்பது. பழைய எட்டாம் பதிப்பில் டி.எல்.பி.யில் தேட 20 நானோ வினாடி, மெமரிக்கு 100, ஹிட் ரேஷியோ (தேடியது டி.எல்.பி.யிலேயே கிடைக்கும் விகிதம்) 80 சதவீதம், விடை 0.8 × 120 + 0.2 × 220 = 140 நானோ வினாடி. பத்தாம் பதிப்பில் டி.எல்.பி. தேடும் நேரத்தையே சேர்ப்பதில்லை. மெமரிக்கு 10 நானோ வினாடி என்று வைத்து 0.8 × 10 + 0.2 × 20 = 12 என்று முடித்துவிடுகிறது. இரண்டும் சரிதான், எடுத்துக்கொண்ட அனுமானம் வேறு. கேள்வியில் டி.எல்.பி. நேரம் கொடுத்திருந்தால் சேர்த்துப் போடுங்கள். கொடுக்கவில்லை என்றால் 'டி.எல்.பி. தேடும் நேரம் புறக்கணிக்கத்தக்கது' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளூர் ஆசிரியர்கள் எழுதிய கைடு வகைப் புத்தகங்களைப் பலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. அது நியாயமில்லை. டூ மார்க்குக்கும், முதல் யூனிட்டின் வரையறைகளுக்கும், ஃபைல் சிஸ்டம் பகுதிக்கும் அவை நன்றாகவே உதவும். விடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையும் காட்டும். செமஃபோர், டெட்லாக், விர்ச்சுவல் மெமரி ஆகிய மூன்றுக்கும் மட்டும் அவற்றை நம்பி இருக்க வேண்டாம். அங்கே 'ஏன்' என்பதை விட்டுவிட்டு 'என்ன' என்பதை மட்டும் சொல்லிப் போய்விடும்.

ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாச்சி-டுசோ தம்பதியர் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' புத்தகத்தையும் இங்கே எடைபோட வேண்டும். புரிந்துகொள்வதற்கு அதைப் போல் ஒன்று கிடைப்பது அருமை. பேஜிங் ஏன் தேவைப்பட்டது, பேஜ் டேபிள் ஏன் பெருத்துப்போகிறது, அதற்கு மல்டி லெவல் எப்படி மருந்தாகிறது என்று ஒவ்வொன்றையும் முந்தையதன் குறையிலிருந்து எழுப்பிக் காட்டும். ஆனால் பேங்கர்ஸ் அல்காரிதத்தை அது போகிற போக்கில்தான் தொடுகிறது. ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு அதில் கிடையாது. இந்தத் தேர்வுக்கு அதை மட்டும் வைத்துப் போனால் கையைக் கடிக்கும். செமஸ்டர் தொடக்கத்தில் இருப்பவருக்கு அதுதான் முதல் பரிந்துரை. ஒரு வாரம் மட்டுமே மீதமுள்ளவர் அதைத் திறக்காமலே இருக்கலாம்.

வீடியோ

பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், தாளில் எழுதும்போது கை நிற்கும். வீடியோவின் குறை இதுதான். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து யூனிட் முழுவதையும் ஓட்டுவது படிப்பதாகாது. படித்தும் பிடிபடாத ஒரு தலைப்பை எடுத்து, அதற்கு மட்டும் ஒரு வீடியோ பாருங்கள். கணக்கு வந்தவுடன் நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு ஓட விடுங்கள். சென்னை ஐஐடி வழங்கும் என்.பி.டி.இ.எல். பாடம் ஆழமானது. எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தின் சோர்ஸ் கோடை வைத்தே விளக்குகிறது. அது செமஸ்டர் முழுக்க வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்கு உரியது, கடைசி வாரத்துக்கு அல்ல.

கணக்கு: எங்கே தவறுகிறது?

பெரும்பாலான தவறுகள் அல்காரிதம் தெரியாததால் வருவதில்லை. அனுமானத்தைச் சொல்லாததாலும், ஒரே ஓர் இடத்தில் வரிசை மாறுவதாலும் வருகின்றன.

பிராசஸ்களை முறைவைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டும் ரவுண்ட் ராபினை எடுத்துக்கொள்வோம். பி1 நேரம் 0-இல் வருகிறது, பர்ஸ்ட் (ஓடத் தேவையான நேரம்) 5. பி2 நேரம் 2-இல், பர்ஸ்ட் 3. பி3 நேரம் 4-இல், பர்ஸ்ட் 2. குவான்டம் (ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம்) 2. முதல் இரண்டு நேர அலகு பி1 ஓடும். நேரம் 2-இல் ஒரே சமயத்தில் இரண்டு நடக்கின்றன: பி1-இன் குவான்டம் முடிகிறது, பி2 வந்து சேர்கிறது. ரெடி க்யூவில் யார் முன்னால்?

புதிதாக வந்தவரை முன்னால் வைத்தால் கேன்ட் சார்ட் (யார் எப்போது ஓடினார் என்று காட்டும் பட்டை) இப்படி வரும்: பி1 (0–2), பி2 (2–4), பி1 (4–6), பி3 (6–8), பி2 (8–9), பி1 (9–10). காத்திருப்பு நேரம் பி1-க்கு 5, பி2-க்கு 4, பி3-க்கு 2, சராசரி 3.67. குவான்டம் முடிந்தவரை முன்னால் வைத்தால்: பி1 (0–4), பி2 (4–6), பி1 (6–7), பி3 (7–9), பி2 (9–10). காத்திருப்பு 2, 5, 3, சராசரி 3.33. அல்காரிதம் ஒன்று, கொடுத்த எண்கள் ஒன்று, விடை இரண்டு. வழக்கமாக ஏற்கப்படுவது முதல் முறை, அதாவது புதிதாக வந்தவர் முன்னால். எதை எடுத்தாலும் சார்ட்டுக்கு மேல் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், திருத்துபவர் கையிலுள்ள விடையோடு உங்களுடையது ஒத்துவராதபோது அது வெறும் தவறாகவே தெரியும்.

ஒவ்வொரு குவான்டம் முடிவிலும் க்யூவை சார்ட்டுக்குக் கீழே எழுதும் பழக்கம் வேண்டும். மனதிலேயே க்யூவை வைத்துக்கொண்டு போனால் நான்காவது பிராசஸிலேயே வரிசை குலையும்.

பேஜ் ரீப்ளேஸ்மென்ட்டில் வேறு மாதிரிச் சிக்கல். முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் எஃப்.ஐ.எஃப்.ஓ.வில் ஹிட் (கேட்ட பேஜ் மெமரியிலேயே இருப்பது) வந்தால் எதுவும் மாறாது, நெடுநேரம் தொடாததை வெளியேற்றும் எல்.ஆர்.யு.வில் ஹிட் வந்த பேஜ் புதியதாகிவிடும். இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்துப் போடும்போது இது கலந்துவிடும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கீழே 'அடுத்து வெளியேறுவது யார்' என்று ஒரு வரி வைத்துக்கொண்டால் கலக்காது. கேட்ட பேஜ் மெமரியில் இல்லாததுதான் ஃபால்ட்; தொடக்கத்தில் காலி ஃப்ரேம்களை (பேஜ் வைக்கும் இடங்களை) நிரப்புவதும் ஃபால்ட்தான். அதை எண்ண மறப்பவர்கள் ஏராளம்.

1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற ரெஃபரன்ஸ் ஸ்ட்ரிங்கை (பேஜ்கள் கேட்கப்படும் வரிசையை) ஒரு முறையாவது நீங்களே போட்டுப் பாருங்கள். எஃப்.ஐ.எஃப்.ஓ.வில் 3 ஃப்ரேமுக்கு 9 ஃபால்ட், 4 ஃப்ரேமுக்கு 10. ஃப்ரேம் கூடியும் ஃபால்ட் கூடுவதுதான் பெலாடி அனாமலி. இதே ஸ்ட்ரிங்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 3 ஃப்ரேமில் எல்.ஆர்.யு.வுக்கு 10 ஃபால்ட், அதாவது எஃப்.ஐ.எஃப்.ஓ.வை விட ஒன்று அதிகம். இனி வெகுநேரம் தேவைப்படாததை வெளியேற்றும் ஆப்டிமலுக்கு 7. 'எல்.ஆர்.யு. எப்போதும் நல்லது' என்று மனதில் பதித்துக்கொண்டு போனவர், 10 வந்ததும் பயந்துபோய்ச் சரியான விடையை அடித்துத் திருத்துவார். எந்த ஸ்ட்ரிங்கிலும் மற்றவற்றைவிட அதிகமாகப் போகாது என்று உறுதி சொல்லக்கூடியது ஆப்டிமல் மட்டுமே. 4 ஃப்ரேமில் எல்.ஆர்.யு. 8-ஆகக் குறைகிறது. அதற்கு பெலாடி அனாமலி வராது.

பேங்கர்ஸ் அல்காரிதத்தில் ஒரு பிராசஸ் முடிந்ததும் வொர்க்கோடு (அப்போதைய கையிருப்போடு) எதைக் கூட்டுவது என்பதில் தடுமாற்றம் அதிகம். கூட்ட வேண்டியது அலொகேஷன் (அதற்கு ஏற்கெனவே கொடுத்திருந்தது). மேக்ஸ் (அதிகபட்சத் தேவை) அல்ல, நீட் (இன்னும் வேண்டியது) அல்ல. காரணம் எளிது: பிராசஸ் முதலில் தன் நீட்டை வொர்க்கிலிருந்து வாங்குகிறது, முடிந்ததும் மேக்ஸ் முழுவதையும் திருப்பித் தருகிறது; மேக்ஸிலிருந்து நீட்டைக் கழித்தால் அலொகேஷன். இந்த ஒரு வரி புரிந்தவருக்கு ஃபார்முலா மறக்காது.

இந்தக் கணக்கின் இரண்டாம் பகுதியாகக் கூடுதல் ரிக்வெஸ்ட் கொடுத்து 'கொடுக்கலாமா' என்று கேட்பார்கள். 'முடியாது' என்ற விடைக்குக் காரணங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. டெக்ஸ்ட் புக்கில் வரும் ஐந்து பிராசஸ், மூன்று ரிசோர்ஸ் கணக்கையே பாருங்கள். அவெய்லபிள் (3, 3, 2). பி1 கேட்ட (1, 0, 2)-ஐக் கொடுத்தபின் மீதி (2, 3, 0). இப்போது பி4 (3, 3, 0) கேட்டால் மறுக்க வேண்டும், ஏனென்றால் அவ்வளவு கையிருப்பே இல்லை. பி0 (0, 2, 0) கேட்டாலும் மறுக்க வேண்டும். கையிருப்பு இருக்கிறது, ஆனால் கொடுத்தால் மீதி (2, 1, 0), அதை வைத்து எந்தப் பிராசஸையும் முடிக்க முடியாது, நிலை அன்சேஃப். இரண்டுக்கும் வெறுமனே 'நாட் கிராண்டட்' என்று எழுதினால் பாதி மதிப்பெண் போச்சு. முதலில் ரிக்வெஸ்ட்டை நீட்டோடு ஒப்பிட்டு, பிறகு அவெய்லபிளோடு ஒப்பிட்டு, பிறகு கொடுத்ததாகப் பாவித்து சேஃப்டி சோதனை போட்டு, எந்தப் படியில் நின்றது என்று எழுத வேண்டும். சேஃப் சீக்வென்ஸ் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு படியிலும் வொர்க்கின் மதிப்பைக் காட்டுவது உங்கள் விடையைக் காப்பாற்றும்.

டிஸ்க் ஷெட்யூலிங் எளிதாகத் தோன்றும். 98, 183, 37, 122, 14, 124, 65, 67 என்ற க்யூ, ஹெட் 53-இல், சிலிண்டர் 0 முதல் 199 வரை. எஃப்.சி.எஃப்.எஸ். (வந்த வரிசையில்) 640, எஸ்.எஸ்.டி.எஃப். (அருகில் உள்ளது முதலில்) 236. ஸ்கேன் 0-ஐ நோக்கிப் போனால் 53 + 183 = 236. லுக் என்றால் 14-லேயே திரும்பிவிடும், 39 + 169 = 208. இங்கே தவறுவது ஸ்கேனையும் லுக்கையும் ஒன்றாக நினைப்பதால். ஸ்கேன் கடைசிச் சிலிண்டர் வரை போயே தீரும். சி-ஸ்கேனில் 199-இலிருந்து 0-க்குத் தாவும் தூரத்தை எண்ணுவதா என்பது இன்னொரு குழப்பம். மேல்நோக்கிப் போனால், தாவலைச் சேர்த்து 382, சேர்க்காமல் 183. சேர்த்தோமா இல்லையா என்று எழுதுங்கள். கேள்வியில் திசை இல்லையென்றால் எடுத்துக்கொண்ட திசையையும் எழுதுங்கள்.

டிமாண்ட் பேஜிங் (தேவைப்படும்போது மட்டும் பேஜை மெமரிக்குக் கொண்டுவருவது) கணக்கில் அலகு மாற்றம்தான் வில்லன். மெமரிக்கு 200 நானோ வினாடி, பேஜ் ஃபால்ட்டைச் சரிசெய்ய 8 மில்லி வினாடி, ஆயிரத்தில் ஒரு ஆக்சஸ் ஃபால்ட். 8 மில்லி வினாடி என்பது 80 லட்சம் நானோ வினாடி, விடை 199.8 + 8000, ஏறத்தாழ 8.2 மைக்ரோ வினாடி, அதாவது சுமார் 40 மடங்கு மந்தம். 8 மில்லியை 8000 நானோ என்று தவறாக எடுத்தால் 207.8 வரும். அந்த எண் பார்க்க நம்பும்படியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஃபால்ட் நேரம் மெமரி நேரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது என்பதை மனதில் வைத்திருந்தால் இந்த விடை உறுத்தும்.

புரோகிராம் எழுதுவது எவ்வளவு உதவும்?

செமஃபோர் பகுதிக்கு நிறையவே உதவும். ஒருவர் பஃபரில் போட, இன்னொருவர் எடுக்கும் ப்ரொட்யூசர்-கன்ஸ்யூமர் விடையில் ப்ரொட்யூசர் முதலில் வெயிட்(எம்ப்டி), பிறகு வெயிட்(மியூடெக்ஸ்) என்று எழுத வேண்டும். வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? பஃபர் நிறைந்திருக்கும்போது ப்ரொட்யூசர் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு எம்ப்டிக்காகத் தூங்கிவிடும். இடம் காலி செய்ய வேண்டிய கன்ஸ்யூமருக்கு மியூடெக்ஸ் கிடைக்காது. இருவரும் அப்படியே நிற்பார்கள், டெட்லாக். மனப்பாடம் செய்தவர் பரபரப்பில் இந்த இரண்டு வரிகளைத்தான் இடம் மாற்றி எழுதுகிறார். பிதிரெட் நூலகத்தை வைத்து ஒரு முறை எழுதி, வேண்டுமென்றே வரிசையை மாற்றி, புரோகிராம் உறைந்து நிற்பதைப் பார்த்தவர் மாற்றி எழுத மாட்டார். முடிவில் வரும் சிக்னல்களின் வரிசையை மாற்றினால் டெட்லாக் வராது என்பதையும் அதே ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

அதே செமஸ்டரில் சிஎஸ் 3461 லேப் இருப்பதால் ஷெட்யூலிங், பேங்கர்ஸ், பேஜ் ரீப்ளேஸ்மென்ட் புரோகிராம்கள் ரெக்கார்டில் ஏற்கெனவே இருக்கும். கையால் போட்ட கணக்கைச் சரிபார்க்க அவற்றையே ஓட்டலாம். ஒரு எச்சரிக்கை: பல ரெக்கார்டுகளில் உள்ள ஷெட்யூலிங் புரோகிராம் எல்லாப் பிராசஸும் நேரம் 0-இல் வருவதாகவே வைத்திருக்கும். அரைவல் டைம் உள்ள கணக்குக்கு அதன் விடை பொருந்தாது. அர்பாச்சி-டுசோ புத்தகத்தோடு வரும் பைதான் ஷெட்யூலரிலும் இதே வரம்பு உண்டு. பேஜ் ரீப்ளேஸ்மென்ட்டுக்கான அவர்களுடைய புரோகிராம் மட்டும் எந்த ஸ்ட்ரிங் கொடுத்தாலும் படிப்படியாக விடை காட்டும். ஏ.ஐ. செயலிகளிடம் கேட்பவர்கள் இறுதி எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், ஒவ்வொரு படியின் ஃப்ரேம் நிலையையும் கேட்டுத் தங்கள் தாளோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட் வினாக்கள் கணக்குப் பழக்கத்துக்கு மிக நல்லவை. செமஸ்டர் தாளைவிடக் கூர்மையானவை. ஆனால் அங்கே இறுதி விடை மட்டும்தான், படிகளை யாரும் பார்ப்பதில்லை. கேட் பாணியிலேயே பழகியவர் செமஸ்டர் தாளில் அரைப் பக்கத்தில் கணக்கை முடித்துவிட்டு 13-க்கு 8 வாங்குவார். கேட் கணக்கையும் செமஸ்டர் பாணியில், அட்டவணை போட்டு, முழுதாக எழுதிப் பழகுங்கள்.

நாள் கணக்கைப் பொறுத்து

மூன்று வாரம் இருந்தால் டெக்ஸ்ட் புக்கும் கணக்கும் சேர்ந்தே போகட்டும்: காலையில் அத்தியாயம், மாலையில் அதன் பயிற்சிக் கணக்குகள். கொஸ்டின் பேங்க்கைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம்தான் என்றால் தலைகீழாகச் செய்யுங்கள். முதல் நாள் பழைய தாள்களைப் புரட்டிப் பட்டியல் போடுவது. அடுத்த மூன்று நாள் இரண்டு, மூன்று, நான்காம் யூனிட்டின் கணக்குகள், ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று. கணக்கில் தட்டுப்படும் இடத்துக்கு மட்டும் டெக்ஸ்ட் புக்கைத் திறப்பது. ஐந்தாம் நாள் விர்ச்சுவல் மெஷின், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் அடுக்குப் படங்கள். ஆறாம் நாள் முதல் யூனிட், ஃபைல் சிஸ்டம். ஏழாம் நாள் ஒரு முழுத் தாளைக் கடிகாரம் வைத்து எழுதுவது.

இரண்டு நாள், அல்லது அரியர் தாளில் பாஸ் ஆனால் போதும் என்ற நிலை என்றால், ஷெட்யூலிங், பேங்கர்ஸ், பேஜ் ரீப்ளேஸ்மென்ட், டிஸ்க் ஆகிய நான்கு கணக்கு வகைகளையும் டூ மார்க்கையும் மட்டும் எடுங்கள். மூன்று யூனிட்டின் 39-உம் டூ மார்க்கின் 20-உம் சேர்ந்தால் 59. கணக்கே கேட்காமல் தியரி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகள், பேஜிங் படம், ஃபைல் அலொகேஷனின் மூன்று முறைகள் கைவசம் இருக்கட்டும். ஒன்றாம், ஐந்தாம் யூனிட் கேள்விகளையும் வெறுமையாக விடாமல், படத்தோடு ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

தேர்வறையில்

180 நிமிடத்துக்கு 100 மதிப்பெண் என்றால் 13 மதிப்பெண் கேள்விக்கு ஏறத்தாழ 23 நிமிடம். டூ மார்க் பத்துக்கும் சேர்த்து 30, பார்ட் சி-க்கு 27. கூட்டினால் 172 நிமிடம். கணக்குள்ள பார்ட் பி கேள்வியை முதலில் எழுதுவது நல்லது. தலை தெளிவாக இருக்கும்போதே முடிந்துவிடும். கேன்ட் சார்ட்டையும் ஃப்ரேம் அட்டவணையையும் ஸ்கேல் வைத்துப் பென்சிலில் போடுங்கள். திருத்தம் வந்தால் தாள் அலங்கோலமாகாது.

மிஞ்சும் எட்டு நிமிடத்தைக் கணக்குகளைச் சரிபார்க்கவே செலவிடுங்கள். கேன்ட் சார்ட் முடியும் எண், எல்லா பர்ஸ்ட்டும் சிபியு சும்மா இருந்த நேரமும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குச் சமமா? ஒவ்வொரு பிராசஸுக்கும் டர்ன் அரவுண்டிலிருந்து பர்ஸ்ட்டைக் கழித்தால் காத்திருப்பு வருகிறதா? ஃப்ரேம் அட்டவணையில் ஹிட்டும் ஃபால்ட்டும் சேர்ந்து ஸ்ட்ரிங்கின் நீளத்துக்குச் சரியாக இருக்கிறதா? பேங்கர்ஸில் எல்லாப் பிராசஸும் முடிந்தபின் வொர்க், ஒவ்வொரு ரிசோர்ஸின் மொத்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா? டெக்ஸ்ட் புக் கணக்கில் அது (10, 5, 7) ஆக வர வேண்டும்.